ஐம்பத்திரண்டில் நான்கு புள்ளிகள்

என் கைக்கடிகாரம் தானாக ஒருநாளும் தப்பு நேரம் காட்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அப்பா வாங்கிக் கொடுத்தது. சாவி கொடுக்கிற ரகம். தினமும் காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பேன்; அதன் பிறகுதான் காபி. உங்கள் கடிதத்தில் "கடிகாரக் கோளாறு குறித்துத் தங்கள் விளக்கம்" என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு என்று எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

நீங்கள் கல்லூரிக்குப் புது முதல்வர். அதனால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். என் பெயர் ஞானாம்பாள். சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்புறம் வீடு. இந்தக் கல்லூரியின் இயற்பியல் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினான்கு மாதம் துறைத் தலைவர். போன வருஷம் ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரி, வீடு, பிரதோஷத்துக்குக் கோயில். இவ்வளவுதான் என் நடமாட்டம்.

திலகவதி 2004 ஜூனில் சேர்ந்தாள். முப்பத்திரண்டு வயசு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக் குடும்பம். கணவர் மணிவண்ணன் கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். சினேகா என்று ஏழு வயதில் ஒரு பெண். சிதம்பரத்தில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார்கள். ஆசிரியர் அறையில் அவளுக்கு என் மேஜைக்குப் பக்கத்து மேஜை கொடுத்தார்கள்.

நான் சாதி பார்க்கிறவள் இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. பக்கத்து மேஜையில் மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு நான் திறக்கிற ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தக் குழம்பின் வாசனை இருக்கும். இதை நான் யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை.

"அக்கா, கொஞ்சம் தொட்டுக்கிறீங்களா? மீனு போடல, வெறுங் கொழம்புதான்."

"மீன் குளிச்சுட்டுப் போன தண்ணிதானே அது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாக மறுநாள் சொன்னாள். நான் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அவள் சேர்ந்த முதல் வாரம்தான் வெள்ளி சூரியனைக் கடந்தது. ஜூன் எட்டு. மைதானத்தில் சின்னத் தொலைநோக்கியை வைத்து, வெள்ளை அட்டையில் சூரியனை விழவைத்தோம். சூரியன் ஒரு வட்டம். அதன்மேல் கறுப்பாக ஒரு பொட்டு. திலகவதி மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

"அது என்னாம்மா, சூரியன் மேல எறும்பு?"

"எறும்பு இல்லடி, வெள்ளி. சூரியனுக்கும் நமக்கும் குறுக்கால போவுது."

"மறுபடி எப்ப வரும்?"

"எட்டு வருஷம் கழிச்சி. அப்ப ஒனக்குப் பதினஞ்சு."

"பதினஞ்சுல நான் ஒன்ன விட ஒயரமா இருப்பேன், பாரு."

சொல்லிக்கொண்டே அந்தக் குழந்தை அட்டையைத் தொட்டது. வறுத்த மீனைத் தின்றுவிட்டுக் கழுவாத கை. வெள்ளிக்குப் பக்கத்தில் எண்ணெயாக இன்னொரு பொட்டு விழுந்தது. வேறு அட்டை மாற்றினேன். பழையதை இரண்டு விரலால் பிடித்துக் குப்பையில் போட்டேன். இதில் தப்பாக எதுவும் இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அளவு எடுக்கிற அட்டை சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்தில் கணக்கெடுப்பு வைத்திருந்தேன். திலகவதியை வரச் சொன்னேன்.

"வரேன்க்கா. பாப்பாவையும் கூட்டியாரன். ஓரமா ஒக்காந்திருக்கும்."

"இங்க எதுக்கு? லென்ஸெல்லாம் தொட்டுவைக்கும். உங்க அம்மா வீட்ல விட்டுட்டு வா."

சனிக்கிழமை மாலையே பஸ்ஸில் தேவனாம்பட்டினம் போய் விட்டுவிட்டு வந்தாள். ஞாயிறு காலை நாங்கள் குழியாடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கடல் ஊருக்குள் வந்தது. அவள் அம்மாவை மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். குழந்தையைக் கண்டுபிடிக்கவே இல்லை.

இதற்காக அவள் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் செய்தது வேறு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் உட்கார்ந்தாள். என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க கூப்புடலன்னா நானும் அங்கதான் இருந்திருப்பேன்க்கா. ஒங்களாலதான் நான் உசுரோட இருக்கேன்."

அவள் தலைமுடியில் உப்பும் நல்லெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. என் புடவையில் ஈரமாக ஒரு வட்டம். தலையைத் தடவிக் கொடுத்தேன். கொடுக்க வேண்டிய நேரம் அது. அவள் போனதும் வேலைக்காரி குப்புவிடம் அந்தப் புடவையைக் கொடுத்துவிட்டேன். நல்ல சுங்குடிப் புடவை. குப்பு இரண்டு தரம் கேட்டாள், "நெசமாத்தான் குடுக்குறீங்களா?" என்று.

அதிலிருந்து அவள் என்னை விடவில்லை. சமையல் கேட்பாள், கோயில் விபூதி கேட்பாள், பஸ் நிலையம் வரை கூடவே நடப்பாள். ஒருவர் நம்மேல் வைக்கிற நன்றி எவ்வளவு பிசுபிசுப்பானது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

2005 கடைசியில், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவி ஒருத்தி கல்லூரிக்குப் பதினான்கு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பினாள். மொட்டை மாடியில் தகரக் கூண்டு கட்டி அதை வைத்தோம். திலகவதி தன் முனைவர் பட்டத்துக்கு அதில் வேலை தொடங்கினாள். வேலை என்னவென்று உங்களுக்கு விளங்க வேண்டும். அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். அவளைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

"வெள்ளி சூரியனுக்குக் குறுக்க போச்சில்லக்கா, அந்த மாதிரிதான். எங்கியோ ஒரு நட்சத்திரம். அதுக்குக் குறுக்க அதோட கிரகம் போவுது. போவும்போது வெளிச்சம் துளி மங்கும். மூணு நாளு சொச்சத்துக்கு ஒரு தடவ. நேரம் அச்சு பெசகாது."

"சரி. அதுதான் ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சே."

"இருங்க. புவனகிரி பஸ்ஸு தெனம் ஆறேகாலுக்கு வருதுன்னு வையிங்க. ஒருநாளு ரெண்டு நிமிஷம் முன்ன வருது, ஒருநாளு ரெண்டு நிமிஷம் பின்ன வருது. அதுவும் சும்மா இல்ல, ஒரு மொறையா. அப்ப என்னா அர்த்தம்? வழியில யாரோ கைகாட்டி நிறுத்துறாங்க. ஆள நாம பாக்கல. ஆனா ஆளு இருக்குது. அதே மாதிரி, தெரியிற கிரகத்தோட நேரம் முன்னபின்ன ஆச்சுன்னா, பக்கத்துல தெரியாத கிரகம் ஒண்ணு அத இழுக்குது."

"இழுக்கிறது தெரியும். இருக்கிறது தெரியாது."

"அதேதான்க்கா. கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த மாதிரிப் பேச்சுக்கு இயற்பியலில் இடம் கிடையாது.

இதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சரியான நேரம். மாடிக் கணினி பழையது. உள்ளே பேட்டரி செத்துப்போனது. ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் அதன் கடிகாரம் அழிந்துபோகும். மாடிக்கு இணையம் கிடையாது. அதனால் நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். கீழே அலுவலகக் கணினியில் இணைய நேரம் பார்த்து என் கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்வேன். மாடி ஏறி வந்து, திலகவதி விசையில் விரல் வைத்துக் காத்திருக்க, நான் சொல்வேன்.

"மூணு. ரெண்டு. ஒண்ணு. தட்டு."

"தட்டிட்டேன்க்கா."

தினமும் மாலை ஆறு மணிக்கு. அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் இருந்து வேலையைப் பார்ப்பாள். ஒரே கடிகாரம்தான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் எது சரி என்று சண்டை வரும் என்று விதி போட்டிருந்தேன். அவள் தன் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். செல்போனையும் கீழே வைத்துவிட்டு வருவாள். குறிப்பேட்டில் நேரத்தை மட்டும் எழுதுவோம். யார் வைத்தது என்று எழுதுவதில்லை. "எதுக்குப் பேரெல்லாம்?" என்று நான்தான் சொன்னேன். அப்போது அதில் எந்த உள்நோக்கமும் இல்லை.

2006இல் எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் படுக்கை. திலகவதி தினமும் கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள். புதுப் பாத்திரம் வாங்கி, அதில் அசைவம் தொடாமல் வைத்ததாகச் சொன்னாள். வாங்கி வைத்துக்கொண்டு, அவள் போனதும் கொட்டிவிடுவேன். காய்ச்சல் விட்ட பிறகும் வாய்க்கு ருசி திரும்பவில்லை. ஒருநாள் காபியைப் பாதி குடித்திருந்தேன். குப்பு எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ஐய, பாலு கெட்டு நாத்தம் கூடத்து வரைக்கும் வருது, அதப் போயி குடிக்கிறீங்களே. ஊருக்கே மோப்பம் புடிப்பீங்களே, ஒங்க மூக்கு எங்கம்மா போச்சி?"

அதிலிருந்து பாலைக் காய்ச்சுவதற்கு முன்னால் குப்புதான் முகர்ந்து பார்த்துச் சொல்வாள். வயசானால் இப்படி ஒவ்வொன்றாக வரும்.

இனி 2007 ஜனவரி. அன்று மதியம் திலகவதி சாப்பிட்டு முடித்து, கையைச் சரியாகக் கழுவாமல் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி நேரம் பார்த்தாள். உரிமையாக. "ரெண்டாவ பத்து நிமிஷம் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். என் கடிகாரத்தின் பட்டையில் அவள் விரலின் எண்ணெய். அதில் அந்தக் கவுச்சி வாசனை. குழாயடிக்குப் போய், தண்ணீர் உள்ளே போகாமல் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போது சாவி வெளியே இழுபட்டிருக்கிறது. கழுவி முடித்ததும்தான் பார்த்தேன். உள்ளே அமுக்கினேன். ஓடியது.

அன்று மாலை கரண்ட் இல்லை. அலுவலகக் கணினி ஓடவில்லை. மாடியில் மட்டும் இன்வெர்ட்டர் வைத்திருந்தோம். என் கடிகாரம் பொய் சொல்லாது என்பதால் அப்படியே மாடி ஏறினேன்.

"மூணு. ரெண்டு. ஒண்ணு. தட்டு."

வீட்டில் டிவியில் எட்டு மணிச் செய்தி தொடங்கியபோது என் கையில் ஏழு ஐம்பத்தெட்டு. பட்டையைத் தேய்த்த இரண்டு நிமிஷம் கடிகாரம் நின்றிருக்கிறது. போன் பக்கத்திலேயே இருந்தது. கல்லூரிக் காவலாளிக்கு ஒரு வார்த்தை சொன்னால் மாடிக்குப் போய்ச் சொல்லியிருப்பார். அவளுடைய கிரகம் கடக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. செய்தியை முழுக்கப் பார்த்தேன். அன்றைக்கு நீளமான செய்தி.

மறுநாள் அவள் ஓடி வந்தாள்.

"அக்கா, ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டுது. ரெண்டு நிமிஷம். மூணு தரம் போட்டுப் பாத்துட்டேன், அதேதான் வருது. என்னமோ இழுக்குதுக்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை முழுக்க வாசனை. நான் சொல்லியிருக்கலாம், "அது கிரகம் இல்லை, உன் குழம்பு" என்று. அது உண்மையும்கூட. ஆனால் நான் சொன்னது, "அடுத்த தடவையும் பார்ப்போம்."

அடுத்த தடவைக்கு நான் தயாராக இருந்தேன். பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டேன். தெரியாத கிரகம் ஒன்று இருந்தால் நேரம் எப்படிக் கூடிக் குறையும் என்பது கடினமான கணக்கு இல்லை. இன்று ஒன்றேகால் நிமிஷம் முன், அடுத்து நாற்பது வினாடி பின், அதற்கடுத்து இரண்டு நிமிஷம் பின். அலுவலகத்தில் சரியான நேரம் பார்ப்பேன். மாடிப்படி ஏறும்போது சாவியை இழுத்து முள்ளைத் திருப்பிக்கொள்வேன். மூன்று சீசன். ஜனவரி முதல் மே வரை, மழை இல்லாத மாதங்கள். மொத்தம் ஐம்பத்திரண்டு முறை அவள் அந்தக் கிரகத்தைப் பார்த்தாள். கோயில் நாள் தவிர, வேறு எந்தக் காரணத்துக்கும் நான் ஒரு மாலைகூடத் தவறவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். துறைத் தலைவர் நாற்காலி என்றுதான் ஊர் நினைக்கும். என்னிடம் முனைவர் பட்டம் இல்லை. அவள் பட்டம் வாங்கினால் நாற்காலி அவளுக்குப் போகும். அந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு நாற்காலி ஆசை இல்லை. என்னுடைய கவலை ஒரு கோட்பாடு சம்பந்தப்பட்டது. ஒரு ஆய்வாளர் தன் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிற ஆளைச் சந்தேகிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு தடவை அவளுக்குச் சந்தர்ப்பம் கொடுத்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "அக்கா, ஒங்க வாட்ச்ச காட்டுங்க" என்று கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. என்னை நம்பினாள். நம்புகிறவர்களுக்கு அறிவியலில் என்ன வேலை?

2009இல் கட்டுரை எழுதினாள். படத்தை என்னிடம் காட்டினாள். அலை மாதிரி ஏறி இறங்குகிற கோடு. புள்ளிகள் அதன்மேல் அழகாக உட்கார்ந்திருந்தன. நான்கு புள்ளிகள் மட்டும் அலையில் சேராமல், நேரம் பிசகாத நடுக்கோட்டில், தனியாக நின்றன.

"இது நாலும் மட்டும் அடங்க மாட்டேங்குதுக்கா."

"நிஜமான அளவுன்னா நாலு அடங்காமத்தான் இருக்கும். எல்லாம் அடங்கினாத்தான் சந்தேகப்படுவாங்க."

எனக்கும் அந்த நான்கு ஏன் என்று தெரியவில்லை. அட்டவணைப்படி திருப்பியதாகத்தான் நினைவு. யோசிக்காமல் விட்டுவிட்டேன். அது என் தவறு.

"பேரு வெச்சிருக்கேன்க்கா. கட்டுரையில இல்ல, நமக்குள்ள."

"என்ன பேர்?"

"சினேகா."

நல்ல பேர் என்றேன்.

கட்டுரை வந்தது. பத்திரிகையில் புகைப்படம் வந்தது. தேவனாம்பட்டினத்தில் பேனர் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் வேறொரு குழு, பெரிய தொலைநோக்கியில் அதே நட்சத்திரத்தைப் பார்த்தது. கிரகம் ஒரு வினாடி முன்பின் இல்லாமல் வந்து போனது. ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. திலகவதியின் எண்கள் புனையப்பட்டவை என்று மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

கல்லூரி மூன்று பேர் குழு போட்டது. ஓய்வுபெற்ற பேராசிரியர் தட்சிணாமூர்த்தி தலைவர். துறையின் மூத்தவள் என்று நானும் ஒருத்தி. அன்று காலை திலகவதி வராண்டாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கடிகாரம் நாம ரெண்டு பேரும் சேந்துதானக்கா வெச்சோம். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"சொல்றேன்."

சொன்னேன். உள்ளே தட்சிணாமூர்த்தி கேட்டார், "கடிகாரத்துல தப்பு நடந்திருக்க வாய்ப்பு இருக்காம்மா?"

"இல்லைங்க. கடிகாரம் சரியா இருந்தது. தினமும் நான்தான் வெச்சேன்."

"அப்ப இந்த நம்பரெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன். "அந்தப் பிள்ளை போனதுலேர்ந்து அவளுக்கு இல்லாதது இருக்கிற மாதிரித் தோணுதுங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. அவளைத் தண்டிக்காதீங்க, யாராவது டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

என் பெருந்தன்மையைக் குழு அறிக்கையில் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் பிரதி இருக்கும், மூன்றாம் பக்கம்.

ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். மேஜையைக் காலி செய்தாள்.

"அக்கா, நானே எனக்குத் தெரியாம மாத்தி எழுதிட்டேனா?"

"இருக்கலாம்மா."

"அப்படி ஒருத்தரால முடியுமாக்கா? எழுதுறதும் தெரியாம, மறக்கறதும் தெரியாம?"

"மனசு ஒடிஞ்சா முடியும்."

அவள் தலையை ஆட்டினாள். மணிவண்ணன் அவளைக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புதுச்சேரியில் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், கை நடுங்க ஆரம்பித்தது என்று கேள்விப்பட்டேன். அடுப்பில் சோறு வைத்தால் வெந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிட்டுக் கேட்பாளாம். மணி பார்க்கத் தன்னை நம்ப மாட்டாளாம். அந்த மேஜையை நான் டெட்டால் போட்டுத் துடைக்கச் சொன்னேன். துடைத்த பிறகும் வாசனை போகவில்லை.

இந்த வருஷம் ஜூன் ஆறாம் தேதி காலை, சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் இருந்தது. எட்டு மணிக்கு வாசலில் திலகவதி நின்றாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கையில் சூரியனைப் பார்க்கிற அட்டைக் கண்ணாடி.

"இன்னிக்கி அவளுக்குப் பதினஞ்சுக்கா. தேவனாம்பட்டினத்துல நின்னு பாத்துட்டு மொத பஸ்ஸு புடிச்சி வந்தேன்."

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"போன மாசம் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குப் போயிருந்தேன். பிரதோஷம். நந்திகிட்ட ஒரே கூட்டம். அக்காவும் இந்நேரம் சிதம்பரத்துல நின்னுட்டிருப்பாங்கன்னு ஒங்கள நெனச்சேன். நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். அப்பதான் தோணுச்சு. நீங்க கோயிலுக்குப் போற அன்னிக்கு நான்தானே தனியா, என் வாட்ச்சப் பாத்து கடிகாரத்த வெப்பேன்?"

"ஆமா."

"அடங்காத நாலு புள்ளி இருந்துச்சே. பழைய காலண்டரெல்லாம் தேடிப் பாத்தேன். நாலும் பிரதோஷம்க்கா. அந்த நாலு நாளும் கிரகம் சரியான நேரத்துக்கு வந்திருக்குது. எங்கியோ வானத்துல சுத்துறதுக்கு நம்ம ஊரு பிரதோஷம் எப்படிக்கா தெரியும்?"

கேள்வி சரியான கேள்வி. முப்பது வருஷமாகப் பிரதோஷத்தன்று மாலை ஆறு மணிக்கு நான் வேறெங்கும் இருந்ததில்லை. அது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்ததால், அட்டவணையில் அந்த நாட்களுக்கும் எண் போட்டிருந்தேன்; நான் அங்கே இல்லை என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. என் கை படாத நான்கு மாலை. பார்க்க முடியாத ஒன்று இழுக்கிறதா இல்லையா என்று, அது இல்லாத நாளை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அவள் நல்ல ஆய்வாளர் என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

"திட்ட வரலக்கா. ஏன்னு கேக்கவும் வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் போயிடுறேன். எனக்குப் பைத்தியம் இல்லதானே?"

அவள் கையில் கண்ணாடி அட்டை படபடவென்று அடித்தது.

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு படியிறங்கிப் போனாள். அதற்கு மறுவாரம் உங்களுக்கு மனு கொடுத்திருக்கிறாள். அதை வைத்து நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். அவளுக்குப் பைத்தியம் இல்லை. ஒரு எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதவில்லை. கடிகாரம் நின்றுபோன அந்த முதல் மாலை தவிர, நாற்பத்தேழு மாலைகள் நான்தான் முள்ளைத் திருப்பினேன். தெரிந்து, கணக்குப் போட்டு. விசாரணையில் பொய் சொன்னதும் நான். அட்டவணை எழுதிய விடைத்தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்று வாசலிலேயே அவளுக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தக் கவுச்சி வாசனை வந்துவிட்டது; வாயை மூடிக்கொண்டேன். அவள் போன பிறகு குப்புவைக் கூப்பிட்டு வாசலைக் கழுவச் சொன்னேன். "என்னாம்மா நாத்தம்? ஒண்ணுமில்லியே, பவுடர் வாசனதான் வருது" என்று சொல்லிக்கொண்டே கழுவினாள். குப்புவுக்கு அதெல்லாம் பிடிபடாது. எல்லாவற்றுக்கும் என் மூக்குதான் காரணம், மனசில் எதுவும் இல்லை என்பதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2006 காய்ச்சலில் போனது போனதுதான். கோயிலில் கற்பூரத்தை முகத்துக்கு நேரே காட்டினாலும் எனக்கு எதுவும் தெரிவதில்லை, அவளுடைய வாசனை ஒன்றைத் தவிர.